பழைய மொழி பேசும் புதிய கருவி

இரண்டாம் ஆண்டு, பி.எஸ்சி. (கணிப்பொறி அறிவியல்)

தாம்பரத்திலிருந்து கடற்கரை நோக்கி மின்சார ரயிலில் தொங்கிக்கொண்டு செல்லும் நண்பர்கள் நம் கல்லூரியில் பலர் உண்டு. 1931ஆம் ஆண்டு அந்தத் தடத்தில் முதல் மின்சார ரயில் ஓடியபோது, அது ஒரு மீட்டர் அகலமே உள்ள பாதையில் ஓடியது. பின்னாளில் 1,676 மில்லிமீட்டர் அகலப் பாதை வந்தது. வந்த அன்றே பழையது மறைந்துவிட்டதா? இல்லை. சில ஆண்டுகள் இருவகைத் தண்டவாளங்களும் அருகருகே கிடந்தன. 2004ஆம் ஆண்டு ஜூலையில்தான் கடைசி மீட்டர்கேஜ் மின்ரயில் விடைபெற்றது. ரயிலுக்கு இரண்டு தண்டவாளம் போடலாம். கணிப்பொறிக்கு என்ன செய்வது? இக்கேள்விக்கு நான் அறிந்த விடையை என் போன்ற மாணவர்களோடு பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

கணிப்பொறித் துறையில் 'டிரைவர்' என்றால் பேருந்து ஓட்டுபவர் அல்லர். அச்சுப்பொறி, வட்டு, வலையட்டை போன்ற ஒரு கருவியிடம் எப்படிப் பேச வேண்டும் என்பதை அறிந்த ஒரு சிறு நிரல் அது. கருவி மாறினால் டிரைவரும் மாற வேண்டும். ஆனால் அதை எழுதியவர் எங்கே இருக்கிறார் என்றே தெரியாவிட்டால்? மாற்றுவதற்கு மூல நிரலே இல்லாவிட்டால்? அப்போது கருவிதான் மாறவேண்டும். குறைந்தது, பழைய கருவியைப் போல நடிக்கவாவது வேண்டும்.

இந்த நடிப்பு புதியதன்று. ஐ.பி.எம். நிறுவனம் 1964இல் சிஸ்டம்/360 என்னும் புதிய வரிசையை அறிவித்தபோது, தன் பழைய 1401 பொறிக்காக எழுதப்பட்ட நிரல்களும் அதன் சில மாதிரிகளில் ஓட வழி செய்தது. பல ஆண்டு உழைப்பைக் குப்பையில் கொட்ட எந்த வாடிக்கையாளர் சம்மதிப்பார்? இன்று ஒரு கணிப்பொறிக்குள்ளேயே நிரலால் இன்னொரு கணிப்பொறியைக் கட்டுகிறோம். அதுவே மெய்நிகர் கணிப்பொறி. நம் செங்கற்பட்டுப் பக்கத்துத் தெருக்கூத்தில் ராஜா வேடம் கட்டியவர் விடிந்ததும் ஏர் பிடிக்கப் போவார். ஆனால் ஆடி முடிக்கும்வரை அவர் ராஜாதான். அதுபோல, உள்ளே இருப்பது எந்தப் பொறியாயினும், பழைய டிரைவரின் கண்ணுக்கு அது அறிந்த பழைய அட்டையே தெரியும்.

இதை நான் பாடப்புத்தகத்தில் படிக்குமுன்பே வீட்டில் படிக்க நேர்ந்தது. என் தந்தையார் முடிச்சூர்ப் பக்கம் ஒரு எடைமேடையில் வேலை பார்க்கிறார். ஜல்லி, எம்-சாண்ட் ஏற்றிய லாரிகளை எடைபோட்டுச் சீட்டுக் கொடுப்பது அவர் தொழில். அங்கிருந்தது டாஸ் காலத்து நிரல். "எஃப் டூ அமுக்குனா வெறும் வண்டி, எஃப் த்ரீ அமுக்குனா லோடு வண்டி" என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வார். எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டவர், அந்த நிரலில் மட்டும் பண்டிதர்!

சென்ற ஆண்டு மழைக்காலத்தில் அந்தப் பழைய கணிப்பொறியின் தாய்ப்பலகை பழுதாயிற்று. வட்டு மட்டும் பிழைத்தது. முதலாளி வந்து பார்த்துவிட்டு, "எல்லாத்தையும் புதுசா மாத்திடலாம். கம்ப்யூட்டர் படிச்ச பையன் ஒருத்தனை வேலைக்குப் போட்டுக்கலாம்" என்றாராம். அன்றிரவு அப்பா சரியாகச் சாப்பிடவில்லை. 'கம்ப்யூட்டர் படிச்ச பையன்' என்ற சொல் என்னைச் சுட்டது. நானும் அப்படி ஒரு பையன்தானே! என்னைப் படிக்க வைத்த அதே வேலையை என்னைப் போன்ற ஒருவனைக் கொண்டே பறிப்பதா?

ஆசிரியர் ஒருவரிடம் யோசனை கேட்டேன். வட்டை அப்படியே நகலெடுத்தேன். ரிச்சி தெருவில் முதலாளி வாங்கிவந்த பழைய கணிப்பொறி ஒன்றில் மெய்நிகர் பொறியை அமைத்து, நகலை அதற்குள் ஓடவிட்டேன். எடைகாட்டியின் கம்பியை ஒரு யு.எஸ்.பி. மாற்றி வழியே அதன் பொய்யான சீரியல் போர்ட்டில் இணைத்தேன். இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் கழிந்தன. அப்பா எஃப் டூவை அழுத்தினார். திரையில் எடை வந்தது. "பழைய மாதிரியேதான் இருக்கு தம்பி" என்றார். ஒரு மெய்நிகர்க் கருவிக்கு இதைவிடப் பெரிய பாராட்டு ஏது?

ஆனால் காலத்தின் விளையாட்டைப் பாருங்கள்! மெய்நிகர்க் கருவிகளுக்குள்ளேயே இப்போது பழையது, புதியது என்ற தலைமுறைகள் வந்துவிட்டன. ஆஸ்திரேலியரான ரஸ்டி ரஸ்ஸல் உருவாக்கிய 'விர்ட்டியோ' முறை 2008இல் லினக்ஸில் இடம்பெற்றது. அதன் 1.0 பதிப்பு பின்னர் முறையான தரமாயிற்று. அதற்கு முற்பட்ட டிரைவர்கள் பழையவை ஆயின. இரண்டு தலைமுறையோடும் பேசும் கருவிக்கு 'இடைமாற்றக் கருவி' என்று பெயர் சொல்லலாம். அது பழகும் விதம் என்னை மிகவும் கவர்ந்தது. தனக்குத் தெரிந்த வித்தைகளையெல்லாம் எண்ணிட்ட பட்டியலாக முன்வைக்கும். டிரைவர் தனக்குப் புரிந்தவற்றை மட்டும் ஏற்கும். ஏற்றவற்றைக் கொண்டே இருவரும் வேலை செய்வர். பழைய டிரைவருக்கு 0 முதல் 31 வரையுள்ள எண்களே தெரியும். புதிய தரத்தின் அடையாளமோ 32ஆம் எண்ணில் இருக்கிறது! அதை டிரைவர் ஏற்கவில்லை என்றால் வந்திருப்பவர் பழையவர் என்று கருவி உணர்ந்து, பழைய முறையிலேயே பேசும். அதிகம் தெரிந்தது எதுவோ, அதுவே இறங்கி வருகிறது.

இன்று வலையட்டைகளே சிலிக்கானில் விர்ட்டியோ மொழி பேசுகின்றன. ஒரே அட்டை தன்னைப் பல பங்குகளாக்கி மெய்நிகர் பொறிகளுக்குக் கொடுக்கிறது. பழைய டிரைவர் தட்டுவதோ 'ஐ.ஓ. போர்ட்' என்னும் கதவை. அந்தப் பங்குகளுக்கு அக்கதவே கிடையாது. 1.3 பதிப்பு இதற்கு வழி கண்டது. மெய்நிகர் பொறிகளை மேற்பார்க்கும் நிரல் நடுவில் நின்று, தட்டும் ஓசையைக் கேட்டு, உரிய கட்டளையாக்கி அட்டைக்குச் சொல்கிறது. அறிமுகம் முடிந்தபின் செய்திப் பொதிகள் நடுவரின் கை படாமல் நேரே போய்வருகின்றன. நடுவில் நிற்பவர் எப்போது விலக வேண்டும் என்பதற்கும் இதில் பாடம் இருக்கிறது.

அப்படியாயின் பழையதை என்றென்றும் சுமப்பதா? கூடாது. விண்டோஸ் எக்ஸ்பிக்கு 2014 ஏப்ரல் 8ஆம் நாளோடு ஆதரவு நின்றது. அதன்பின் காணப்பட்ட ஓட்டைகளில் பெரும்பாலானவற்றை அடைப்பார் இல்லை. ஆகவே பழைய நிரலை வேலியிட்ட இடத்தில், வலையோடு சேராமல் வைப்பதே அறிவுடைமை. விர்ட்டியோ தரமும் பழைய டிரைவர்க்கு இடமளிப்பதைக் கட்டாயமாக்கவில்லை. விரும்பினால் செய்க என்கிறது. பழையது தன் பணியை முடிக்க அவகாசம் தருவது வேறு. பழையதிலேயே தேங்கிக் கிடப்பது வேறு. என் தந்தையாரும் இப்போது புதிய கணிப்பொறியில் அன்றாடக் கணக்கைத் தட்டி முதலாளிக்கு அனுப்பப் பழகுகிறார். பட்டியலில் இன்னும் ஒரு வரியை ஏற்றிருக்கிறார், அவ்வளவே.

நண்பர்களே! நம்மில் பலர் வீட்டுக்கு முதல் பட்டதாரிகள். நாளை அலுவலகங்களிலும் வங்கிகளிலும் மருத்துவமனைகளிலும் புதிய கருவிகளை நிறுவப்போகிறவர்கள் நாம். அப்போது அங்கே பத்தாண்டு, இருபதாண்டாக விசைகளை மனப்பாடமாக அழுத்திவரும் ஒருவர் அமர்ந்திருப்பார். அவரை எழுப்பிவிடுமுன், அவருக்குத் தெரிந்தது எது என்று முதலில் கேட்போம். அங்கிருந்தே வேலையைத் தொடங்குவோம்!