கூடுவாஞ்சேரி இருட்டும் ஒரு நெற்றி லைட்டும்

விடிகாலை நாலரை மணிக்குக் கூடுவாஞ்சேரி ஜி.எஸ்.டி. சாலையில் இருட்டைத் தேடினாலும் கிடைக்காது. கிளாம்பாக்கம் பேருந்து முனையம் 2023 டிசம்பர் கடைசியில் திறக்கப்பட்ட பிறகு, தென் மாவட்டப் பேருந்துகள் இந்த ஊரைத் தாண்டித்தான் அங்கே போய் நிற்கின்றன. ஹெட்லைட் வெளிச்சம் ஓயாமல் ஓடிக்கொண்டே இருக்கிறது. டீக்கடை பாய்லர் அதற்குள் சூடாகிவிட்டது.

மெயின் ரோட்டை விட்டு நாலு தெரு உள்ளே போனால் அது வேறு ஊர். கொஞ்ச காலம் முன்புவரை நெல் விளைந்த நிலம் இப்போது மனைப்பிரிவு. கல் நட்ட காலி மனைகளில் கோரையும் சீமைக்கருவேலமும் மண்டிக் கிடக்கின்றன. சில தெருக்களில் கம்பம் வந்திருக்கும், விளக்கு வந்திருக்காது. சிலவற்றில் விளக்கு இருக்கும், எரியாது. முதல் மின்சார ரயிலைப் பிடிக்க ஓடுகிறவர்கள், மறைமலை நகர் ஷிப்ட்டுக்குக் கம்பெனி பஸ் ஏறப் போகிறவர்கள் எல்லோரும் இந்த வழியாகத்தான் வரவேண்டும். ஒரு கையில் சாப்பாட்டுப் பை, மறு கையில் செல்போன் டார்ச். மழை பிடித்தால் குடைக்கு மூன்றாவது கை வேண்டும்.

நெற்றி லைட் என்றால் மலையேறுகிறவர்களும் சுரங்கத் தொழிலாளர்களும் மாட்டுவது என்றுதான் பலருக்கும் நினைப்பு. பிரான்ஸ் நாட்டு பெட்ஸல் நிறுவனம் 2000-இல் ‘டிக்கா’ என்ற எல்.இ.டி. லைட்டைக் கொண்டுவந்த பிறகு அது உள்ளங்கைக்குள் அடங்கும் பொருளாகிவிட்டது. இன்று நூற்றைம்பது ரூபாய் முதல் பல ஆயிரம் வரை கிடைக்கிறது. எது நல்லது என்று கடை வெளிச்சத்தில் தெரியாது. இந்த மாதிரித் தெருவில் நடந்து பார்த்தால்தான் தெரியும்.

முதலில் எடை. 100 கிராமுக்குள் இருந்தால் பத்து நிமிடத்தில் மாட்டியிருப்பதே மறந்துபோகும். ரிமோட்டில் போடும் சின்ன செல் மூன்று போட்டாலே ஏறக்குறைய 35 கிராம் ஆகிவிடும் என்பதையும் சேர்த்துக் கணக்குப் பார்க்க வேண்டும். பட்டை அகலமாக இருப்பது நல்லது. நம் ஊர் வியர்வைக்கு அது கழற்றித் துவைக்கும்படி இருப்பது அதைவிட நல்லது. இந்த விஷயத்தைப் பெட்டியில் யாரும் அச்சடிப்பதில்லை. சித்திரை மாதத்தில் நான்கு நாள் மாட்டினால் பட்டை என்ன வாசனை வீசும் என்பது பெட்டி தயாரிப்பவருக்குத் தெரியாது போலும். தலைவாரிப் பூ வைத்த பெண்களுக்குக் கொண்டைக்கு மேலே ஏறுகிற இன்னொரு பட்டை தொந்தரவு. பின்னால் சுற்றும் ஒற்றைப் பட்டையே போதும்.

அடுத்தது கட்டுமானம். லைட்டை மேலும் கீழும் சாய்க்கும் கீல்தான் முதலில் தளர்கிற இடம். அது ‘டிக் டிக்’ என்று ஒவ்வொரு படியாக நின்றால் நல்ல லைட். வழுவழுவென்று நகர்ந்தால் சில மாதத்தில் நடக்க நடக்கத் தலை குனிந்துவிடும். சார்ஜ் துளையை மூடும் ரப்பர் மூடி கழன்று போகாமல் இருக்க வேண்டும். பெட்டியில் ஐ.பி.எக்ஸ்.4 என்றிருந்தால் எந்தப் பக்கத்திலிருந்து தண்ணீர் தெறித்தாலும் தாங்கும். ஐ.பி.எக்ஸ்.7 என்றால் ஒரு மீட்டர் ஆழத்தில் அரை மணி நேரம் கிடந்தாலும் பிழைக்கும். ஏரிகளுக்கு நடுவே இருக்கும் ஊரில் இது ஆடம்பரம் இல்லை. நந்திவரம் ஏரி, ஊரப்பாக்கம் ஏரி, அந்தப் பக்கம் ஆதனூர் என்று நீர்நிலைகளின் சங்கிலி இது. 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலின்போது தென்புறநகரில் முழங்கால் தண்ணீரோடு மின்சாரமும் இல்லாமல் இரவுகள் கழிந்தன. அப்படிப்பட்ட நேரத்தில் சார்ஜ் மட்டுமே ஏற்றும் லைட்டைவிட, பெட்டிக்கடையில் வாங்கிய செல்லையும் போட்டுக்கொள்ளும் லைட் உதவும்.

இனி வெளிச்சம். இங்கேதான் பெரும்பாலானவர்கள் ஏமாறுகிறார்கள். ‘வீச்சு 120 மீட்டர்’ என்று பெட்டி சொல்லும். எஃப்.எல்.-1 என்ற அளவீட்டு முறைப்படி, அந்தத் தூரத்தில் விழுவது 0.25 லக்ஸ் வெளிச்சம், அதாவது ஏறக்குறைய பௌர்ணமி நிலவொளி. ‘40 மணி நேரம் எரியும்’ என்பதும் அப்படியே. வெளிச்சம் ஆரம்பத்தில் இருந்ததில் பத்தில் ஒரு பங்காகக் குறையும்வரை எண்ணிய கணக்கு அது. மலிவான ஜூம் லைட்டை முழுக்க இழுத்தால், எதிர்ச் சுவரில் சதுரமாக ஒரு வெள்ளைக் கட்டம் விழும். அது எல்.இ.டி. சில்லின் உருவமேதான். பார்க்கப் பிரமாதமாக இருக்கும். காலடியில் மட்டும் கும்மிருட்டு.

கூடுவாஞ்சேரியில் பார்க்க வேண்டியது காலடியைத்தான். நெற்றி லைட்டில் ஒரு வேடிக்கை உண்டு. வெளிச்சம் கண்ணுக்குப் பக்கத்திலிருந்தே புறப்படுவதால், விலங்குகளின் கண்ணில் பட்டு நேராக நம் கண்ணுக்கே திரும்பி வருகிறது. ஏரிக்கரையில் புல்லைப் பார்த்தால் பனித்துளி போலப் பச்சையாக மினுக்கும். கிட்டே போனால் அது ஓநாய்ச்சிலந்தி. நாய், பூனை எல்லாம் தூரத்திலேயே தெரிந்துவிடும். ஆனால் பாம்பின் கண்ணில் அப்படி ஒளியைத் திருப்பி அனுப்பும் படலம் இல்லை. அதாவது பார்க்க வேண்டியது மட்டும் மினுங்காது. போதாக்குறைக்கு, நெற்றியிலிருந்து விழும் ஒளியில் நிழல் கண்ணுக்குத் தெரியாமல் பொருளின் பின்னால் ஒளிந்துகொள்வதால் பள்ளம், கயிறு, பாம்பு எல்லாம் தட்டையாகவே தோன்றும். சிலர் லைட்டைக் கழற்றி இடுப்பருகே பிடித்துக்கொண்டு நடப்பது இதனால்தான். நிழல் நீண்டு விழ, கல் கல்லாகத் தெரியும்.

இதை நன்றாக அறிந்தவர்கள் இதே மாவட்டத்தில் இருக்கிறார்கள். கூடுவாஞ்சேரியிலிருந்து நெல்லிக்குப்பம் (சர்க்கரை ஆலை இருக்கும் கடலூர் நெல்லிக்குப்பம் இல்லை, இது வேறு) வழியாகத் திருப்போரூர் போய்க் கிழக்குக் கடற்கரைச் சாலையைப் பிடித்தால் வடநெம்மேலி. அங்கே 1978-இல் தொடங்கிய இருளர் பாம்புபிடிப்போர் கூட்டுறவுச் சங்கம்தான் இந்தியாவின் விஷமுறிவு மருந்துக்கான விஷத்தில் பெரும்பகுதியைத் தருகிறது. செங்கல்பட்டு மாவட்ட இருளர்களான வடிவேல் கோபாலும் மாசி சடையனும் 2017-இல் அமெரிக்காவின் ஃப்ளோரிடாவுக்கே போய் மலைப்பாம்புகளைப் பிடித்துக் காட்டியவர்கள். 2023-இல் பத்மஸ்ரீ பெற்றார்கள். இருளர்கள் பகலில் தடம் பார்த்துத் தேடுவார்கள். கட்டுவிரியன் போன்ற இரவுப் பாம்புகளுக்காக லைட்டோடு இரவிலும் அலைவதுண்டு. கடித்தாலும் வலி அதிகம் தெரியாத பாம்பு அது. வீட்டுக்குள் வந்து தரையில் படுத்திருப்பவர்களைக் கடிப்பதும் உண்டு. காலி மனையில் எலி பெருகினால் கண்ணாடிவிரியனும் வரும்.

2000 முதல் 2019 வரை இந்தியாவில் ஆண்டுக்குச் சராசரியாக 58,000 பேர் பாம்புக்கடியால் இறந்ததாக ஆய்வு ஒன்று கணக்கிட்டது. கடிபட்டால் இறுக்கிக் கட்டவோ கீறவோ உறிஞ்சவோ கூடாது. கடிபட்ட இடத்தை அசைக்காமல் 108-ஐ அழைத்து அரசு மருத்துவமனைக்குப் போவதே வழி. கூடுவாஞ்சேரிக்காரர்களுக்குச் செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. கடிபடாமல் இருக்க நல்ல ஒளி வேண்டும். இரண்டு மூன்று மீட்டருக்கு முன்னால், ஓரம் மங்காமல், பாய் விரித்த மாதிரி பரவும் ஒளி. நடக்க 50 முதல் 100 லூமன் தாராளம். நீலம் பாய்ந்த வெள்ளையைவிட லேசான மஞ்சள் ஒளியில் சருகும் செம்மண்ணும் தனித்தனியாகத் தெரிகின்றன.

சிவப்பு ஒளியும் தரும் லைட்டுகள் உண்டு. தூங்குகிற குழந்தையை எழுப்பாமல் அலமாரியைத் துழாவ அது அருமை. மழைக்காலத்தில் ஈசல் முகத்தில் மொய்ப்பதும் குறையும். ஆனால் அதை மட்டும் நம்பிப் புல்வெளியில் நடக்கக் கூடாது. கறுப்பு உடம்பில் மெல்லிய வெள்ளைக் கோடுள்ள பாம்பு அந்த ஒளியில் குச்சியாகிவிடும்.

ஐந்து மணி ஆகிறது. ஏரிப் பக்கமிருந்து நீர்க்காகம் ஒன்று ஸ்டேஷனுக்கு மேலே பறந்து போகிறது. எதிரே சைக்கிளில் பால்காரர். நெற்றி லைட் மாட்டியவர் நிமிர்ந்து பார்த்தால் அவருக்குக் கண் கூசும். ஒரு விரலால் கீலைத் தட்டி இரண்டு படி கீழே இறக்க வேண்டும். ‘டிக், டிக்’. பால்காரர் மணியடித்துவிட்டுக் கடந்து போகிறார்.