சம்ஷாபாத்துக்கு ஒரே வண்டியில்

சிகந்தராபாத்தில் வாழும் நம் தமிழ்க் குடும்பங்களுக்கு விமான நிலையம் என்பது ஒரு காலத்தில் அடுத்த வீதி போலவே இருந்தது. பேகம்பேட்டைக்கு ஆட்டோவில் ஏறினால் சிறிது நேரத்தில் போய்ச் சேரலாம். வழியனுப்ப வந்தவர்கள் வீடு திரும்பிக் காலைக் காப்பியை ஆறுவதற்குள் அருந்தலாம். 2008-ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் பிரயாணிகள் விமானங்கள் சம்ஷாபாத்துக்கு மாறியபின் அந்தச் சௌகரியம் போயிற்று. பத்மாராவ் நகரிலிருந்து இப்போது 30 கிலோமீட்டருக்கு மேல் செல்லவேண்டும். 2009-இல் திறந்த பி.வி. நரசிம்மராவ் மேம்பாலம் மெஹதிப்பட்டினத்திலிருந்து ஆரம்கர் வரை வழியை எளிதாக்கியது உண்மைதான். எனினும் மெட்ரோ ரயில் அங்கு இன்னும் எட்டவில்லை. தனியாகச் செல்பவருக்கு அரசுக் கழகத்தின் 'புஷ்பக்' பேருந்து போதும். கூட்டமாகச் செல்பவர்கள் யோசிக்கத்தான் வேண்டும்.

சென்ற தை மாதம் 5 குடும்பங்களைச் சேர்ந்த நாங்கள் 16 பேர் திருச்சிராப்பள்ளி சென்று, திருவரங்கமும் திருவானைக்காவும் தரிசித்து வரத் தீர்மானித்தோம். எங்களுள் மூத்தவர் 84 வயதுப் பாட்டியார். லால்குடியில் பிறந்தவர். அங்கே எஞ்சியிருப்பவர் அவருடைய தங்கை ஒருவரே. அக்காளும் தங்கையும் முகம் பார்த்து 11 ஆண்டுகள் ஆகிவிட்டன. முழங்கால் வலியால் ரயிலின் படிக்கட்டு அவருக்கு ஆகாது. "இப்போது போகாவிட்டால் இனி எப்போது?" என்று அவர் ஒரு மாலை கேட்டதே இந்தப் பிரயாணத்துக்கு மூலகாரணம்.

"கைபேசியில் அழைத்தால் நான்கு கார்கள் வாசலில் வந்து நிற்குமே, வேன் எதற்கு?" என்றனர் எங்கள் இளைஞர்கள். வேனே வேண்டும் என்று பெண்மணிகள் பிடிவாதமாக நின்றனர். முன்பு ஒரு கலியாணத்துக்குப் புறப்பட்டபோது இதே பாட்டியார் முதல் காரில் போய் இறங்கிவிட்டார். அவருடைய ஆதார் அட்டையோ மகனின் பையில், மூன்றாவது காரில் வந்துகொண்டிருந்தது. அடையாள அட்டையும் டிக்கெட்டும் காட்டாதவரைக் காவலர் உள்ளே விடுவாரா? அரைமணி நேரம் வாயிலோரம் கால் கடுக்க நின்றார் கிழவியார். உள்நாட்டு விமானங்கள் பலவற்றுக்குப் புறப்படும் நேரத்துக்கு 1 மணி முன்பே பதிவை மூடிவிடுகிறார்கள். ஒரு கார் தாமதித்தால் மற்ற மூன்றும் முந்தி வந்து பயன் என்ன?

அடுத்து வாடகை விசாரணை. தொலைபேசியில் மூன்று இடங்களில் கேட்டோம். மிகக் குறைந்த தொகை சொன்னவரிடம் துருவிக் கேட்டபோதுதான், கிலோமீட்டர் கணக்கு அவருடைய ஷெட்டிலிருந்து தொடங்கும், ஓட்டுநரின் இரவு பேட்டா தனி, நிறுத்தக் கட்டணம் தனி, வெளிவட்டச் சாலையில் போனால் சுங்கமும் தனி என்று ஒவ்வொன்றாக வெளிவந்தது. கூட்டிப் பார்த்தால் மற்றவர்களை மிஞ்சிவிட்டது! இன்னொருவர் வெள்ளைப் பலகை வண்டி ஒன்றை மலிவாகத் தர முன்வந்தார். வாடகை வண்டிக்கு மஞ்சள் பலகையில் கறுப்பு எழுத்து இருக்கவேண்டும். சொந்த உபயோகத்துக்கென்று பதிந்த வண்டியைக் கூலிக்கு ஓட்டி விபத்து நேர்ந்தால் காப்பீடு கைவிட்டுவிடலாம். வேண்டாம் என்றோம்.

ஆட்களை எண்ணி இருக்கை பேசுவது உலக வழக்கம். 16 பேருக்கு 17 இருக்கை டெம்போ டிராவலர் போதும் என்றே தோன்றும். ஆனால் தலைக்கு 15 கிலோ பெட்டி, 7 கிலோ கைப்பை என்றால் மொத்தம் 352 கிலோ. தங்கைக்கென்று பாட்டியார் கட்டிவைத்த ஆவக்காய் ஊறுகாய் ஜாடி இக்கணக்கில் சேராது. இவற்றை யார் மடியில் வைப்பது? ஆகவே 26 இருக்கை வண்டியைப் பேசி, பின்வரிசைகளைச் சாமான்களுக்கு விட்டோம். வண்டி எண், ஓட்டுநரின் கைபேசி எண், மொத்தத் தொகை, அதில் அடங்கியவை ஆகிய அனைத்தையும் முன்பணம் கொடுக்குமுன் எழுத்தில் வாங்கிக்கொண்டோம்.

படியின் உயரம் ஒன்றுதான் எங்களை உறுத்தியது. புறப்படும் நாளுக்கு முந்திய மாலை ஓட்டுநரை அழைத்து, முதியவர் ஒருவர் வருகிறார் என்று தெலுங்கில் தெரிவித்தோம். மகபூப்நகர்ப் பக்கத்து இளைஞர் அவர். விடியற்காலை 3 மணிக்கு வண்டி வந்து நின்றதும், இருக்கைக்கு அடியிலிருந்து குட்டையான மர முக்காலி ஒன்றை எடுத்துப் படியின் கீழே வைத்தார். "மெல்லகா, அம்மம்மா" என்று கையை நீட்டினார். பாட்டியார் அவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, அந்தக் கையைப் பற்றிக்கொண்டு ஏறினார்.

மேம்பாலத்தில் விளக்குகள் ஓடின, குழந்தைகள் உறங்கின, பாட்டியார் மட்டும் உறங்கவில்லை. லால்குடியில் வாய்க்கால் இன்னும் இருக்குமா என்று இருமுறை கேட்டார். நிலையத்தில் 16 பேரும் ஒரே நேரத்தில் இறங்கினோம். அவரவர் அட்டை அவரவர் கையில். பாட்டியாருடையது அவருடைய சுருக்குப்பையில். வெற்றிலைக்கும் சில்லறைக்கும் நடுவிலிருந்து அதை எடுத்துக் காவலரிடம் தாமே நீட்டினார்.

திரும்பி வரும் நாளுக்கும் அந்த வண்டியையே பேசிவிட்டோம். நாங்கள் பெட்டிகளை எண்ணிக்கொண்டிருந்த வேளையில், முக்காலியை மறக்காமல் கொண்டுவர வேண்டும் என்று பாட்டியார் ஓட்டுநரிடம் தெலுங்கில் சொல்லிக்கொண்டிருந்தார்.