ஒகேனக்கல் வழியாக மேட்டூருக்கு

உல்லாசப் பிரயாணம் என்றால் உதகமண்டலத்துக்கோ கொடைக்கானலுக்கோதான் போகவேண்டும் என்று நம்மவர்களில் பலர் எண்ணிக்கொண்டிருக்கிறார்கள். போய்வந்த பிறகு மூன்று மாதம் மளிகைக் கடைக்காரரின் கண்ணில் படாமல் வேறு தெருவழியாகச் சுற்றிப் போவதையும் அந்தப் பிரயாணத்தின் ஓர் அங்கமாகவே அவர்கள் ஏற்றுக்கொண்டுவிட்டார்கள். சேலத்தில் குடியிருக்கும் எங்களுக்கு அந்தத் தொல்லை வேண்டியதில்லை. விடியற்காலையில் புறப்பட்டு, ஒரு மலையிடுக்கையும் ஓர் ஏரியையும் கண்குளிரப் பார்த்துவிட்டு, இரவுச் சாப்பாட்டுக்கு வீடு திரும்பிவிடலாம்.

மலையிடுக்கு ஒகேனக்கல், ஏரி மேட்டூர் அணையின் ஸ்டான்லி நீர்த்தேக்கம். இரண்டிலும் இருப்பது ஒரே காவேரித் தண்ணீர்தான். காலையில் பாறைகளுக்கிடையே கூச்சலிட்டுக்கொண்டு ஓடும் அதே நதியை, மாலையில் கடல்போலப் பரந்து வாய்மூடிக் கிடக்கக் காணலாம்.

எங்கள் வீட்டில் இந்த யோசனையைக் கிளப்பியவள் என் அத்தை. அத்தைக்கு வயது எழுபத்தாறு. அவளுடைய தாயார், அதாவது என் பாட்டி, பண்ணவாடிக்குப் பக்கத்தில் ஒரு சிற்றூரில் பிறந்தவள். 1925-ஆம் வருஷம் மேட்டூரில் அணை கட்டத் தொடங்கினார்கள். 1934-ல் கட்டி முடித்தார்கள். பாட்டி பிறந்த ஊர் இன்று ஏரிக்குள்ளே இருக்கிறது. அணையைத் திறந்து வைத்த சென்னைக் கவர்னர் ஸ்டான்லியின் பெயர் ஏரிக்கு நிலைத்துவிட்டது. வீட்டையும் களத்துமேட்டையும் விட்டு வெளியேறிய குடியானவர்களின் பெயர் எந்தக் கல்லிலும் இருப்பதாக நான் காணவில்லை. அத்தையின் வாயில் மட்டும் அந்த ஊரின் தெருக்கள், கிணறு, புளியமரம் எல்லாம் வரிசைக்கிரமமாக இருந்தன. அவள் தன் கண்ணால் எதையும் பார்த்ததில்லை. தாயார் சொல்லக் கேட்டவைதான்.

"ஒரு தடவை அந்த நந்தியைப் பார்த்துவிட வேண்டுமடா தம்பி" என்றாள் அத்தை.

பண்ணவாடியில் ஜலகண்டேசுவரர் கோயில் ஒன்று இருந்தது. அணையின் முழு நீர்மட்டம் 120 அடி. தண்ணீர் சுமார் 80 அடிக்குக் கீழே இறங்கும்போது, முதலில் ஒரு பழைய கிறிஸ்தவ ஆலயத்தின் கோபுரம் தலைகாட்டும். இன்னும் இறங்கினால், அந்தக் கோயிலின் நந்தி நீருக்கு மேலே தலையைத் தூக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பதைக் காணலாம். அப்போதெல்லாம் ஜனங்கள் கூட்டங்கூட்டமாகப் போய்ப் பார்த்து வருவார்கள்.

இங்கேதான் எங்கள் திட்டத்தில் முதல் சிக்கல் முளைத்தது. என் மகளுக்கு ஒகேனக்கலில் பரிசலில் போகவேண்டும். என் மனைவிக்கு அருவியில் தண்ணீர் கொட்டவேண்டும். அத்தைக்கு ஏரியில் தண்ணீர் வற்றவேண்டும். ஒரே நதியிடம் மூன்று பேரும் மூன்று விதமாகக் கேட்டால் அது என்ன செய்யும்?

ஆகையால், இந்தப் பிரயாணத்துக்கு மோட்டார் வண்டியைவிட முக்கியமான சாதனம் தினசரிப் பத்திரிகை என்பதை வாசகர்கள் குறித்துக்கொள்ள வேண்டும். மேட்டூர் அணையின் நீர்மட்டமும், காவேரியில் வரும் நீரின் அளவும் நாள்தோறும் பத்திரிகையில் வெளியாகின்றன. ஒகேனக்கலுக்கு மேலே பிலிகுண்டுலு என்னுமிடத்தில் மத்திய நீர் ஆணையத்தார் ஆற்றை அளக்கிறார்கள். அந்தச் சின்னஞ்சிறு கட்டத்தைப் படிக்காமல் மூட்டை கட்டுகிறவர்கள் ஏமாந்து திரும்புவார்கள். 2024-ஆம் வருஷம் ஜூலை முதல் வாரத்தில் அணையில் சுமார் 40 அடித் தண்ணீர்தான் இருந்தது. அந்த மாதம் 30-ஆம் தேதி 120 அடியும் நிரம்பிவிட்டது! ஆற்றில் விநாடிக்கு ஒரு லட்சம் கன அடிக்கு மேல் வெள்ளம் பெருகிய அந்த நாட்களில் ஒகேனக்கலில் பரிசலும் கிடையாது, குளியலும் கிடையாது. அருவி எது, பாறை எது என்றே தெரியாத வெள்ளக்காட்டைத் தூரத்தில் நின்று கும்பிட்டுவிட்டு வரவேண்டியதுதான்.

"சித்திரை, வைகாசியில் மழை பொய்த்தால் நந்தி தெரியும். அப்போது போகலாமா?" என்று அத்தையைக் கேட்டேன்.

அத்தை வெற்றிலையை மடித்துக்கொண்டே சற்று நேரம் யோசித்தாள். "நந்தி தெரிந்தால் தஞ்சாவூர்க்காரன் வயல் காயுமே? அவன் வயிற்றெரிச்சலில் போய் நான் சாமி பார்க்கணுமா? தண்ணி இருக்கும்போதே போவோம்" என்றாள்.

அத்துடன் மாதம் நிச்சயமாயிற்று. டெல்டாப் பாசனத்துக்காக ஜூன் 12-ல் மதகைத் திறந்து ஜனவரி 28-ல் மூடுவது வழக்கமான ஏற்பாடு. தை மாதத்தில் வெள்ளம் அடங்கியிருக்கும், பரிசல் ஓடும், பருவம் நன்றாயிருந்தால் ஏரியிலும் தண்ணீர் நிற்கும். பொங்கல் கூட்டம் கலையட்டும் என்று ஒரு வாரம் பொறுத்திருந்து, ஒரு புதன்கிழமையைத் தேர்ந்தெடுத்தோம். நான்கு பேருக்கு மூவாயிரம் ரூபாய். அதற்குமேல் ஒரு காசு இல்லை என்று நான் நிதி மந்திரியின் தோரணையில் அறிவித்தேன். சபையில் ஆட்சேபம் எழவில்லை. என் மனைவி மட்டும் லேசாகச் சிரித்தாள்.

காலை ஐந்து மணிக்குச் சேலத்தில் பஸ் ஏறினோம். தொப்பூர்க் கணவாயைத் தாண்டும்போது பொழுது புலர்ந்தது. சங்க காலத்தில் தகடூர் என்று பெயர் பெற்று அதியமான் ஆண்ட ஊர்தான் இன்றைய தர்மபுரி. அங்கே பஸ் மாறிப் பென்னாகரம் வழியாக ஒகேனக்கல் போகவேண்டும். எல்லாமாகச் சுமார் 46 கிலோமீட்டர். நேரமுள்ளவர்கள் சற்றே விலகிப் பாப்பாரப்பட்டிக்கும் போய் வரலாம். சிறையில் தொழுநோய் பற்றி, வெளியே வந்தும் ஓயாமல் ஊர் ஊராக நடந்த சுப்பிரமணிய சிவா 1925-ஆம் வருஷம் ஜூலை மாதம் கண் மூடியது அங்கேதான். எங்களுக்கு அன்று நேரமில்லை. அது இன்னமும் மனத்தில் ஒரு குறையாகவே இருக்கிறது.

பென்னாகரத்தைத் தாண்டியதும் காடு. பிறகு மலைச் சரிவு. பிறகு திடீரென்று ஓர் இரைச்சல். கன்னடத்தில் 'ஹொகே' என்றால் புகை, 'கல்' என்றால் கல். நீர் விழுந்து சிதறும் இடத்தில் பாறை புகைவதுபோல் தோன்றுவதால் இந்தப் பெயர். ஆற்றுக்கு அந்தக் கரை கர்நாடக ராஜ்யம். இந்தக் கரையில் தமிழ் பேசும் பரிசல்காரர் அந்தக் கரைக்காரருடன் கன்னடத்தில் வேடிக்கை பேசிக்கொள்கிறார். தண்ணீரைப் பற்றி இரண்டு ராஜ்யங்களுக்குள் இருக்கும் வழக்கெல்லாம் அவர்களுக்கு நடுவில் வந்ததாகத் தெரியவில்லை.

ஒகேனக்கலில் பணம் செலவழிக்க எத்தனையோ வழிகள் உண்டு. எண்ணெய் தேய்த்துவிடுகிறவர்கள் முதலில் வந்து சூழ்ந்துகொள்வார்கள். அவர்கள் கையில் அகப்பட்டவர் ஒரு மணி நேரம் புளியைப்போலப் பிசையப்பட்டு, புது மனிதராக எழுந்திருப்பார் என்பது உண்மையே. நாங்கள் வீட்டிலிருந்தே நல்லெண்ணெய் கொண்டுபோயிருந்தோம். அருவியில் குளிப்பதற்குக் காசு இல்லை; தொங்கு பாலத்தில் நின்று நதி பல கிளைகளாகப் பிரிந்து விழுவதைப் பார்ப்பதில் செலவு அதிகமில்லை. பரிசலுக்குத்தான் பணம் வேண்டும். எங்கள் திட்டத்தில் ஏறக்குறையப் பாதியை அது விழுங்கிவிட்டது. கட்டணத்தைப் பலகையில் எழுதி வைத்திருக்கிறார்கள். அதைப் படித்துவிட்டுப் பேச்சைத் தொடங்குவது நலம். மிதவைச் சட்டை இல்லாமல் ஏறக்கூடாது. அத்தை அதை மாட்டிக்கொண்டு, "கலியாணத்துக்குக்கூட எனக்கு இவ்வளவு இறுக்கமாக ரவிக்கை தைக்கவில்லை" என்றாள்.

பரிசல் என்பது மூங்கிலால் முடைந்த ஒரு பெரிய கூடை. முன்னாளில் அடியில் மாட்டுத் தோல் போர்த்துவார்கள். இப்போது பிளாஸ்டிக் விரிப்பைப் போர்த்தித் தார் பூசுகிறார்கள். அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. ஒற்றைத் துடுப்புடன் உட்கார்ந்திருக்கும் பரிசல்காரர் நினைத்த பக்கம்தான் முன்பக்கம்! இரண்டு பக்கமும் கரிய பாறைச் சுவர்கள் செங்குத்தாக எழுந்து நிற்க, நடுவே நதி கரும்பச்சையாக, ஆழம் தெரியாமல், மெதுவாக நகர்ந்துகொண்டிருந்தது. சற்று முன் அத்தனை கூச்சல் போட்ட தண்ணீர் இதுதானா என்று சந்தேகமாயிருந்தது. உலகத்திலேயே மிகப் பழமையான பாறைகளின் வரிசையில் இவற்றைச் சேர்க்கிறார்கள். என் மகளுக்கு அதைப் பற்றி அக்கறை இல்லை. பரிசல்காரர் துடுப்பை ஒரு சுழற்றுச் சுழற்றினார். பரிசல் பம்பரமாய்ச் சுற்றியது. அவளுடைய அலறல் இரண்டு சுவர்களிலும் மோதித் திரும்பி வந்தது. "இன்னொரு தடவை!" என்றாள்.

கரைக்கு வந்து பார்த்தால், எங்கள் சிக்கனத்தின் அஸ்திவாரமே ஆட்டம் கண்டிருந்தது. புளியோதரையும் தயிர் சாதமும் கட்டி வைத்திருந்த பையை ஒரு குரங்குக் குடும்பம் பாறைமேல் பிரித்து வைத்துக்கொண்டு, பந்தி பரிமாறிக்கொண்டிருந்தது. தயிர் சாதத்தை அவை தொடவில்லை. புளியோதரைதான் பிடித்திருந்தது. எதிரே ஓர் அம்மாள் அடுப்பு மூட்டி ஆற்று மீன் பொரித்துக்கொண்டிருந்தாள். என் மனைவி மறுபடியும் லேசாகச் சிரித்தாள். அவள் காலையிலிருந்தே அந்த வாசனையின் பக்கம் இருந்தாள் என்பது எனக்கு அப்போதுதான் விளங்கியது.

ஒகேனக்கலிலிருந்து மேட்டூருக்கு எல்லோரும் பென்னாகரம், மேச்சேரி வழியாக ரஸ்தாவிலேயே போவார்கள். நாங்கள் போனது வேறு வழி. பென்னாகரத்திலிருந்து ஏரியூர் வழியாக நாகமரைக்குச் சாதாரணப் பஸ் ஒன்றில் ஏறினோம். 2021-ஆம் வருஷம் மே மாதம் தொடங்கிய ஏற்பாட்டின்படி, நடத்துனர் பெண்கள் மூவருக்கும் கட்டணமில்லாச் சீட்டுக் கொடுத்தார். எனக்கு மட்டும் காசு வாங்கிக்கொண்டார். குடும்பத்தில் நான் ஒருவனே செலவாளியாக விளங்கிய அபூர்வமான நேரம் அது. ரஸ்தா ஓரத்துக் குழாய்களில் பெண்கள் குடம் வைத்திருந்தார்கள். கிணற்று நீரில் ஃபுளோரைடு மிகுந்து பல்லையும் எலும்பையும் கெடுத்துவந்த இந்தச் சீமைக்கு, 2013-ஆம் வருஷத்திலிருந்து ஒகேனக்கல் காவேரி நீரைக் குழாய் வழியாகக் கொண்டுவருகிறார்கள்.

நாகமரையில் ரஸ்தா நேரே ஏரிக்குள் இறங்கி முடிந்துவிடுகிறது. அக்கரை பண்ணவாடி. இரண்டுக்கும் இடையே விசைப்படகு போகிறது. சைக்கிள், மோட்டார் சைக்கிள், ஆட்டுக்குட்டி, தக்காளிக் கூடை, பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் எல்லோருடனும் நாங்களும் ஏறிக்கொண்டோம். தை மாதத்து வெயிலில் ஏரி மினுமினுத்தது. மலைகள் தொலைவில் நீலமாய்ச் சாய்ந்து கிடந்தன. காலையில் கை நீட்டினால் தொடக்கூடிய சுவர்களுக்கிடையே வந்த நதியா இது என்று என் மகள் இரண்டு தடவை கேட்டுவிட்டாள்.

அத்தை படகுக்காரரைக் கேட்டாள்: "ஏனுங்க, அந்த நந்தி எந்தப் பக்கம்?"

"பண்ணவாடிக் கரை ஓரமாத்தான் ஆயா. இப்போ முழுகிக் கெடக்குது. வந்ததும் சொல்றேன்" என்றார் அவர். கரை நெருங்கியபோது, துடுப்புப் பிடித்துக் காய்த்துப்போன கையால் தண்ணீரில் ஓரிடத்தைக் காட்டினார். அங்கே தண்ணீரைத் தவிர ஒன்றும் இல்லை.

அத்தை அந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு குனிந்து, இரண்டு கால் செருப்பையும் கழற்றி மடியில் வைத்துக்கொண்டாள். "இத்தனை நேரம் ஊருக்கு மேலே செருப்புக் காலோடு வந்துவிட்டேனே" என்று முணுமுணுத்தாள். என் மகள் ஏதோ கேட்க வாயெடுத்தாள். என் மனைவி அவள் கையைப் பிடித்து அழுத்தினாள். சற்றுப் பொறுத்து அவளும் தன் செருப்பைக் கழற்றினாள்.

பண்ணவாடியிலிருந்து கொளத்தூர் வழியாக மேட்டூருக்குப் பஸ் கிடைத்தது. 5,300 அடி நீளமுள்ள அந்தச் சுவரைக் கீழே பூங்காவிலிருந்து அண்ணாந்து பார்த்தோம். 93.47 டி.எம்.சி., அதாவது 9,347 கோடி கன அடித் தண்ணீரைத் தாங்கும் சுவர் என்று மகளுக்குச் சொன்னேன். பதினாறு கண் மதகில் அன்று ஒரு சொட்டும் விழவில்லை. அணைக்கட்டு முனியப்பன் கோயில் பக்கம் யாரோ பொங்கல் வைத்த புகை எழுந்தது. அத்தை அணையை ஒரு தடவை பார்த்துவிட்டு, காப்பி எங்கே கிடைக்கும் என்று விசாரித்தாள்.

இரவு எட்டரை மணிக்குச் சேலம் வந்து சேர்ந்தோம். சாப்பாட்டுக்குப் பின் கணக்கு எழுத உட்கார்ந்தேன். பஸ், பரிசல், காப்பி எல்லாம் அந்தந்த வரிசையில் வந்தன. மீன் சாப்பாட்டைக் 'குரங்கு' என்ற தலைப்பில் எழுதினேன். மூவாயிரத்தில் எழுபது ரூபாய் மிஞ்சியது. நாகமரைப் படகுக் கூலியை எழுதப் போனபோதுதான் ஞாபகம் வந்தது. துறையில் நான் சட்டைப் பையைத் துழாவிக்கொண்டிருந்தபோதே அத்தை தன் சுருக்குப் பையை அவிழ்த்து நான்கு பேருக்கும் கொடுத்துவிட்டாள். "எங்க அம்மா ஊருக்குப் போகிற கூலியை நான்தான் கொடுப்பேன்" என்றாள். ஆகவே அந்த வரியில் தொகை ஒன்றும் போடாமல் விட்டுவிட்டேன்.