ஞாயிற்றுக்கிழமைச் சிங்கப்பூர்

கருங்குழியில் நம்மிடம் பயின்ற வாலிபன் ஒருவன் சிங்கப்பூரில் கட்டட வேலை செய்கிறான். ஆறு நாள் உழைப்பு, ஞாயிறன்று தேக்கா. சிராங்கூன் சாலையில் வீரமாகாளியம்மனைத் தொழுது, வீட்டுக்குப் பணம் அனுப்பி, தோழரோடு புல்தரையில் அமர்ந்து ஊர்க்கதை பேசினால் வாரம் தீர்ந்தது.

எஸ்பிளனேட் பூங்காவுக்கும் ஒருநாள் போய்வரும்படி அவனுக்கு எழுதினோம். இந்திய தேசிய ராணுவ வீரர்களுக்கென 1945-ல் அங்கு எழுந்த ஞாபகச் சின்னத்தை, திரும்பி வந்த ஆங்கிலேயர் அவ்வாண்டே தகர்த்தனர். 1995-ல் அவ்விடத்தில் நினைவுக்கல் நாட்டப்பெற்றது.

"அந்தப் படையில் என்னைப்போல் கூலிக்கு வந்தவர்களும் உண்டா, ஐயா?" என்று பதில் வந்தது. உண்டு; மலாயா ரப்பர்த் தோட்டங்களில் பால் வெட்டிய தமிழர் பல்லாயிரவர் நேதாஜியின் அழைப்புக்கு எழுந்தனர். பிழைக்கப் போனவன்தானே என்று அவனை இளப்பமாகப் பேசும் நம்மூரார் இதைச் சற்றே சிந்திப்பார்களாக.