மெலிந்தவர்க்குரிய ஆங்கில மொழிகள்

மெலிந்த தேகிகளைக் குறித்து ஆங்கில பாஷையில் வழங்கும் அடைமொழிகளைப் பற்றிச் சில கூறப் புகுகின்றோம். இவ்விஷயத்தில் நமக்குள்ள சிரத்தை வெறும் பாஷாபிமானத்தால் உண்டானதன்று. நமது சரீரமே அதற்குக் காரணம். பால்ய முதல் நாம் சதைப்பற்றற்ற தேகமுடையோம். ஆகவே, ஒரு சொல் நம்மீது எறியப்படும்பொழுது அது பூவோ கல்லோ என்று அறிந்துகொள்ள வேண்டிய அவசியம் நமக்கு நேர்ந்தது.

'தின்' என்பது பொதுச்சொல். அது புகழ்வதுமில்லை, இகழ்வதுமில்லை. ஆயினும் ஒருவரை நேரே நோக்கிச் சொல்லுங்கால் 'உமக்கு உடம்புக்கு ஏதேனுமோ?' என்னும் கவலை அதனுள் சிறிது தொனிக்கும். 'ஸ்லெண்டர்' என்பதோ அழகைக் கண்டு சொல்வது. விரலுக்கும் கழுத்துக்கும் இளமரத்துக்கும் பொருந்தும். 'ஸ்லிம்' என்பதும் புகழ்ச்சியே எனினும், உண்டியைச் சுருக்கியும் உடலை வருத்தியும் பெற்ற மெலிவு என்னும் குறிப்பு அதில் அடிக்கடி உண்டு. இச்சொல்லின் பூர்வோத்தரம் விசித்திரமானது. பதினேழாம் நூற்றாண்டில் டச்சு பாஷையினின்று ஆங்கிலத்திற் புகுந்த இதற்கு, அங்கே கோணல், கபடம் என்பன போன்ற பொருள்கள் இருந்தன. ஜெர்மானியரிடத்தில் இதன் உடன்பிறப்பாகிய 'ஷ்லிம்' இன்றும் கெட்டது என்றே பொருள்படும். கெட்ட குலத்திற் பிறந்து நல்ல வீட்டில் வாழ்க்கைப்பட்ட சொல் என்று இதனைக் கூறலாம்.

'ஸ்கின்னி' என்றால் தோலன்றி வேறில்லை என்பது கருத்து, பரிகாசச் சொல். ஆயினும் இக்காலத்துத் துணி வியாபாரிகள் உடலோடு ஒட்டிய காற்சட்டைக்கு இப்பெயரைச் சூட்ட, யௌவனர் அதனை மகிழ்ந்து வாங்குகின்றனர். வர்த்தகம் எந்த வசையையும் இனிப்பாக்கிவிடும் போலும்! 'ஸ்கிராணி' என்பதை எவ்வர்த்தகரும் தொடத் துணியார். இறகு பறித்த கோழியின் கழுத்தை நினைப்பூட்டுவது அது. 'லாங்கி' என்பதற்கு உயரமும் வேண்டும்; கைகால்களை எங்கே வைப்பதென்று அறியாத வாலிபனுக்கே அது தகும். 'ஒயரி' என்பது கம்பிபோல் மெலிந்தும் வலியுடையவனைச் சுட்டும். இதனை நம்மைக் குறித்து ஒருவரும் இதுவரை சொன்னதில்லை.

பெர்ட்ரண்ட் ரஸ்ஸல் என்னும் தத்துவ சாஸ்திரி 1948-ஆம் ஆண்டில் வானொலியில் ஒரு வேடிக்கை செய்து காட்டினார். ஒரே குணத்தைத் தன்மை, முன்னிலை, படர்க்கை என்னும் மூவிடத்திலும் வைத்து, தனக்கு மிருதுவான சொல்லும், எதிரிலிருப்பவனுக்குச் சற்றுக் கடுஞ்சொல்லும், அங்கில்லாதவனுக்கு வசைச்சொல்லுமாக விகற்பித்தார். அம்முறைப்படி பார்த்தால், நாம் 'ஸ்லெண்டர்', நீர் 'தின்', அவன் 'ஸ்கின்னி'. மூவரையும் தராசில் நிறுத்தால் எடை ஒன்றாகவே இருத்தல் கூடும்.

இவ்வேறுபாடுகளை அகராதி முற்றும் காட்டாது. 1852-இல் ரோஜெட் என்பவர் வெளியிட்ட சொற்களஞ்சியம் ஒத்த பொருட் சொற்களை ஓரிடத்தில் திரட்டித் தருகின்றது. மாணாக்கர் அவற்றுள் நீண்டதைப் பொறுக்குகின்றனர். மணப்பெண்ணை 'எமேஷியேட்டட்' என்று வருணித்த ஒரு வியாசத்தை நாம் திருத்தியதுண்டு. நோயாலோ பட்டினியாலோ உடல் வற்றி உருகினாரை மருத்துவர் குறிக்கும் சொல் அது! அப்பெண்ணின் தந்தையார் கண்ணில் அவ்வியாசம் படாதது நலமே.

'லீன்' என்பது இரு முகமுடையது. ஓட்டப்பந்தய வீரனுக்கும் கொழுப்பற்ற இறைச்சிக்கும் அது புகழ்ச்சி. ஆனால் 1611-ஆம் ஆண்டின் ஆங்கில விவிலியத்தில் பார்வோன் கனவிற் கண்ட மெலிந்த பசுக்களுக்கும் அதுவே அடைமொழி. பஞ்ச காலத்தை இன்றும் 'லீன்' வருஷங்கள் என்பர். ஷேக்ஸ்பியரின் ஜூலியஸ் சீஸரோ, காஸியஸின் மெலிந்த பசித்த தோற்றத்தைக் கண்டு அஞ்சி, கொழுத்தவர்களே தன்னைச் சூழ்ந்திருக்க விரும்புகின்றான்.

'காண்ட்' என்னும் சொல்லில் எலும்பு தெரியும், கண் குழிந்திருக்கும், துயரமும் உடனிருக்கும். 1340-இல் கெண்ட் நகரில் பிறந்த இங்கிலாந்து ராஜகுமாரர் ஒருவர் அந்நகரின் பெயரால் 'ஜான் ஆஃப் காண்ட்' எனப்பட்டார். ஊர்ப்பெயருக்கும் அடைமொழிக்கும் ஒலியொற்றுமையன்றி உறவில்லை. ஆயினும் ஷேக்ஸ்பியர் தமது இரண்டாம் ரிச்சர்டு நாடகத்தில், மரணப் படுக்கையிலிருக்கும் அக்கிழவர் தம் பெயரைக் கொண்டே தம் மெலிவைச் சிலேடையாகப் பேசும்படி வைத்தார். மகனை நாடு கடத்திய துயரமே அவரை உருக்கியது. சாகும் நோயாளி தன் பெயரை வைத்து இவ்வாறு விளையாடுவதும் உண்டோ என்று அரசன் வியக்கின்றான். உண்டென்றே நமக்குத் தோன்றுகின்றது.

நிற்க. சில வருஷங்களுக்கு முன் நம் பெரியம்மையார் நோயுற்றிருந்தார். அவருடைய பேரன் இங்கிலாந்தில் பிறந்து வளர்ந்தவன். தமிழ் வாசிக்க அறியான். பாட்டி எப்படியிருக்கிறார் என்று அவன் கேட்டெழுதினான். மேற்கூறிய சொற்கள் யாவும் நம் முன் வந்து நின்றன. 'ஸ்லிம்' என்பது பொய். 'எமேஷியேட்டட்' என்பது மெய்யேயாயினும் தூரத்திலிருப்பவனைத் திடுக்கிடச் செய்யும். 'ஸ்கின்னி' என்று பெற்றவளையொத்த ஒருவரைக் குறித்து எழுதக் கை வராது. முடிவில், நீ கண்டபொழுது இருந்ததனினும் 'தின்னர்' என்று எழுதினோம். அளவுகோல் அவனுடைய ஞாபகமே ஆகட்டும் என்பது நம் எண்ணம்.

அவன் ஒரே வரியில் மறுமொழி விடுத்தான்: பாட்டி 'ஃப்ரெயில்' ஆக இருக்கிறாரா என்று. உடையத்தக்கது என்னும் பொருளுள்ள லத்தீன் சொல்லினின்று வந்தது அது. சதையின் அளவைச் சொல்லாது, எவ்வளவு மெல்லத் தொட வேண்டும் என்பதையே சொல்லும். நாம் வரிசைப்படுத்தி வைத்திருந்த சொற்களுள் அது இல்லை. ஆம் என்று எழுதினோம். அந்த வாரமே புறப்பட்டு வந்தான்.