பழைய சரக்கு

பொருளாதாரக்காரர் ரொனால்ட் கோஸ். 1972. ஏழே பக்கக் கட்டுரை.

அமெரிக்க நிலம் மொத்தமும் ஒரே ஆளுக்குச் சொந்தம் என்று வைத்துக்கொள்கிறார். கொஞ்சத்தை நல்ல விலைக்கு விற்றாயிற்று. மீதி சும்மா கிடக்கிறது. கை அரிக்காதா? விலையைக் குறைத்தால் அதுவும் போகும். வாங்க வருகிறவர்களுக்கு இது முதல் நாளே தெரியும். காத்திருப்பார்கள்.

ஏகபோக முதலாளி கண்ணிமைக்கும் நேரத்தில் போட்டி விலைக்கு இறங்கிவிடுவானாம்.

எதிர்க்கடை வேண்டாம். நாளைக்கு விற்கப்போகிற அவனே போதும்.

ஆடி வரட்டும் என்று நாங்கள் ஃப்ரிட்ஜ் வாங்காமல் உட்கார்ந்திருந்ததும் இதுதானா?

தப்பிக்கும் வழியும் கோஸே சொல்கிறார். விற்காதே, வாடகைக்கு விடு. அல்லது சீக்கிரம் தேய்கிற மாதிரி செய்.

யுனைடெட் ஷூ மெஷினரி, மாசசூசெட்ஸ். செருப்புத் தைக்கும் முக்கிய இயந்திரங்களை அது விற்றதே இல்லை. குத்தகை மட்டும். பத்து வருஷம். ரிப்பேருக்குத் தனிக் காசு கிடையாது.

அதனால் அந்த இயந்திரங்களுக்கு செகண்ட் ஹேண்ட் சந்தையே உருவாகவில்லை.

1953-ல் அந்தக் கம்பெனி மீதான ஏகபோக வழக்கில் நீதிபதி வைசான்ஸ்கி உத்தரவு: விற்கவும் வேண்டும். வழக்கில் அவருக்கு எழுத்தராக இருந்தவர் ஒரு பொருளாதாரக்காரர், கார்ல் கேசன். கோஸ் எழுத இன்னும் 19 வருஷம் இருந்தது.

பழைய சரக்கு இருந்த சந்தை: அலுமினியக் கம்பெனி அல்கோவா மீதான ஏகபோக வழக்கு, 1945. புது அலுமினியம் மட்டும் கணக்கென்றால் கம்பெனியின் பங்கு 90 சதவீதம். காயலான் கடைச் சரக்கையும் சேர்த்தால் 64. தன் ஆலைக்கே வைத்துக்கொண்டதைக் கழித்தால் 33.

மூன்றும் ஒரே கம்பெனி.

நீதிபதி லேர்னட் ஹேண்ட் 90-ஐ எடுத்துக்கொண்டார். இன்றைய காயலான் சரக்கு அன்று அல்கோவா உருக்கியதுதானே என்றார். 64 என்றால் சந்தேகம்தான், 33 என்றால் நிச்சயம் ஏகபோகம் இல்லை என்றும் அவரே எழுதியிருக்கிறார்.

சீக்கிரம் தேய்கிற மாதிரி செய்ததற்கு ஜெனீவா, 1924. பல்ப் கம்பெனிகளின் ஃபீபஸ் கூட்டணி. ஆயுள் 1000 மணி நேரம். மிஞ்சி எரிந்தால் அபராதம். சுவிஸ் பிராங்கில்.

நன்றாகச் செய்ததற்கு!

பொருளாதாரக்காரர் பீட்டர் ஸ்வான், 1970. ஏகபோகமானாலும் போட்டியானாலும் பொருளின் ஆயுள் ஒன்றாகத்தான் இருக்கும் என்று நிறுவுகிறார், சில அனுமானங்களோடு. கணக்கு சரியாகத்தான் வருகிறது. ஜெனீவாவில் ஏன் அத்தனை சிரமப்பட்டார்கள்?

இன்னும் மூன்று பொருளாதாரக்காரர்கள்: பெர்ரி, லெவின்சோன், பேக்ஸ். 1995. 1971 முதல் 1990 வரை அமெரிக்காவில் விற்ற புதுக் கார்கள். யார் எதை வாங்குவார், விலை ஏறினால் எதற்குத் தாவுவார் என்று மதிப்பிடும் மாடல். பிரமாதமான வேலை. ஆனால் புதுக் கார் வாங்காதவர் எல்லாரும் ஒரே பெட்டியில். பெயர், வெளிப் பொருள். பஸ், நடை, பழைய கார், எல்லாம் அதற்குள்.

வாசலில் நிற்கும் ஐந்து வருஷக் கார் வெளிப் பொருளாம்.

தகட்டில் செதுக்கி அச்சிடும் ஓவியர்களுக்கும் கோஸ் சொன்ன சிக்கல் உண்டு. ஒவ்வொரு படியிலும் எண் போடுவார்கள். ஐம்பதில் ஏழு. பிறகு தகட்டின் குறுக்கே கோடு கீறிவிடுவார்கள். இனி அடிக்க மாட்டேன் என்பதற்குச் சாட்சி.

கீறிய தகட்டிலிருந்தும் படி எடுத்து விற்றிருக்கிறார்கள்.