வீதியும் கிணறும் பந்தியும்

நாகர்கோவிலிலிருந்து கன்னியாகுமரிக்குச் செல்லும் நெடுஞ்சாலை கோட்டாற்றைத் தாண்டியதும் நாஞ்சில் நாட்டின் நெல்வயல்களுக்கு நடுவே புகுந்து, பழையாற்றைக் கடந்து, சுசீந்திரம் தாணுமாலயன் கோயிலை ஒட்டிச் சென்று, பின்பு தென்னையும் பனையும் மிகுந்த மணற்பாங்கான பூமியை நோக்கித் திரும்புகிறது. அச்சாலையில் முக்கடலையும் பகவதியையும் தரிசிக்கச் செல்லும் யாத்ரிகர்களிடையே தலைப்பாகையணிந்த சீக்கியர்களையும் அடிக்கடி காணலாம். அவர்களுடைய சமயத்தின் மூல தத்துவங்களை, அது பிறந்து வளர்ந்த ஐந்து நதிகளின் நாட்டுக்கு இத்தனை தூரத்திலே, இந்தச் சாலையைக் கொண்டே ஒருவர் விளங்கிக்கொள்ளலாம் என்பது என் உறுதியான அபிப்பிராயம். ஜலந்தர்ப் பக்கத்து முதியவர் ஒருவரோடு இவ்வழியே செய்த ஒரு சிறு யாத்திரையே அந்த அபிப்பிராயத்தை என்னுள் நிலைபெறச் செய்தது.

அவர் ராணுவத்தில் சுபேதாராக இருந்து ஓய்வுபெற்று, சொந்த ஊரில் கோதுமை பயிரிட்டு வருபவர். நண்பர் ஒருவர் மூலம் எனக்கு அறிமுகமானார். அவருடைய இந்தியும் என்னுடைய அரைகுறை இந்தியும் சந்திக்காத இடங்களில் ஆங்கிலம் துணைக்கு வந்தது. நான் அவரைச் 'சர்தார்ஜி' என்று அழைத்தேன். வயதில் நான் எவ்வளவோ இளையவனாயினும் அவர் என்னை வாய்க்கு வாய் 'பாயி ஜி' என்றே விளித்தார். முதலில் ராமேசுவரத்துக்குப் போய்விட்டு அங்கிருந்து வந்திருந்தார். குரு நானக் தம் தென்திசைப் பிரயாணத்தில் அத்தலத்தில் தங்கி இலங்கைக்குச் சென்றார் என்பது சீக்கியர்களின் பரம்பரை நம்பிக்கை, அதன் ஞாபகமாக ராமேசுவரத்தில் குருத்துவாரா என்னும் சீக்கியக் கோயில் ஒன்றும் உண்டு. 1469-ல் பிறந்த நானக் மேற்கொண்ட இத்தகைய நெடும் பிரயாணங்களை அவர்கள் 'உதாசி' என்கிறார்கள். எனினும், வீடு வாசலை விட்டுப் பல்லாண்டுகள் தேசமெங்கும் சுற்றிய அந்த மகான், இறுதியில் காடேகவில்லை என்பதையும், ராவி நதிக்கரையிலே கர்தார்பூர் என்னும் ஊரை நிறுவி, அங்கே குடும்பத்தோடு குடியமர்ந்து, உழுது பயிரிட்டு, விளைந்ததைப் பலரோடு பகிர்ந்துண்டு 1539-ல் மறைந்தார் என்பதையும் சர்தார்ஜி மிகுந்த பெருமிதத்தோடு சொன்னார்.

பேருந்தின் ஜன்னல் வழியே அறுவடைக்கு நின்ற வயல்களைப் பார்த்தபடியே அவர் அச்சமயத்தின் மூன்று அடிப்படைக் கடமைகளை எனக்கு எடுத்துரைத்தார். இறைவனின் நாமத்தை இடைவிடாது நினைப்பது 'நாம் ஜப்னா'. நேர்மையாக உழைத்துச் சம்பாதிப்பது 'கிரத் கர்னா'. சம்பாதித்ததைப் பிறரோடு பகிர்ந்துண்பது 'வண்ட் சக்னா'. வருவாயில் பத்தில் ஒரு பங்கைப் பொதுக் காரியத்துக்கு ஒதுக்கும் 'தஸ்வந்த்' என்ற ஏற்பாடு இந்த மூன்றாவது கடமையினின்று எழுந்தது. பக்தி, உழைப்பு, பகிர்வு ஆகிய மூன்றில் எதையும் மற்றதற்கு ஈடாகச் செலுத்திவிட முடியாதென்று அவர் அழுத்தமாகக் கூறினார். நாள் முழுதும் ஜபித்தவன் உழைப்பினின்று விடுபட்டவனாகான், வாரி வழங்கியவன் தவறான வழியில் ஈட்டிய பாபத்தினின்று விடுபட்டவனாகான் என்பதே அதன் தாத்பரியம்.

சுசீந்திரத்தில் இறங்கினோம். மும்மூர்த்திகளும் ஒரு மூர்த்தியாய் எழுந்தருளிய அந்தக் கோயிலின் ஏழுநிலைக் கோபுரத்தை நிமிர்ந்து நோக்கிய சர்தார்ஜி, இசைத்தூண்களைப் பற்றியும் பேருருவ ஆஞ்சநேயரைப் பற்றியும் ஆவலோடு விசாரித்தார். ஆனால் நான் அவரை முதலில் அழைத்துச் சென்றது, கோயிலைச் சுற்றியுள்ள வீதிகளுக்கு. பூக்கடையும் தேங்காய்க்கடையும் காப்பிக்கடையுமாக யாவரும் சர்வ சாதாரணமாக நடமாடும் இந்த வீதிகளில், நம் பாட்டனார் காலத்தில் பெருந்தொகையான ஜனங்கள் கால்வைக்கக் கூடாதிருந்தது. அந்தத் தடையை நீக்கவே 1926-ல், கோட்டாறு டாக்டர் எம்.இ. நாயுடு முதலியோரின் தலைமையில் இங்கே சத்தியாக்கிரகம் நடந்தது. 1930-ல் அது மீண்டும் தலையெடுத்தது. இப்போராட்டத்துக்கு முன்னோடியாயிருந்தது, அப்போது நாஞ்சில் நாட்டையும் உள்ளடக்கியிருந்த அதே திருவிதாங்கூர் ராஜ்ஜியத்தின் வடபகுதியிலே, 1924 மார்ச் 30-ஆம் நாள் தொடங்கிய வைக்கம் சத்தியாக்கிரகம்.

வைக்கம் என்றதும் சர்தார்ஜி நின்றுவிட்டார். அங்கே அகாலிகள் என்னும் சீக்கியத் தொண்டர்கள் வந்து சத்தியாக்கிரகிகளுக்காக 'லங்கர்' என்னும் பொதுச் சமையற்கூடம் நடத்தினார்கள் என்பதை அவர் சிறுவயதிலேயே கேள்விப்பட்டிருந்தார். அந்த வைக்கத்துக்கும் இந்த வீதிக்கும் உள்ள தொடர்பை அறிந்ததும் அவர் முகத்தில் தோன்றிய மலர்ச்சியை நான் மறக்க முடியாது. பஞ்சாபிலிருந்து அவர்கள் இத்தனை தூரம் வருவானேன் என்பதற்குக் காரணம் உண்டு. 1920 அக்டோபரில், தாழ்த்தப்பட்ட வகுப்பினின்று சீக்கியம் தழுவிய சிலர் அமிர்தசரஸ் பொற்கோயிலுக்குக் கொண்டுவந்த 'கடா பிரசாத'த்தை ஏற்க அங்கிருந்த பூசாரிகள் மறுத்தனர். கோதுமை மாவு, நெய், சர்க்கரை சேர்த்துக் கிளறிய அந்தப் பிரசாதத்தைப் பற்றி எழுந்த வாக்குவாதத்தில் சீக்கியர்களின் வேதமாகிய கிரந்தத்தையே திறந்து பார்க்க, அதில் வந்த வாக்கு தாழ்த்தப்பட்டோருக்குச் சாதகமாயிருந்தது, பிரசாதம் ஏற்கப்பட்டது. குருத்துவாராக்களை மகந்துகள் என்னும் பரம்பரை நிர்வாகிகளிடமிருந்து மீட்ட அகாலி இயக்கம் அந்த நாட்களில் மூண்டெழுந்ததே. பின்னர் அவ்வியக்கத்துக்குக் காங்கிரசின் சார்பில் துணைபுரிய அமிர்தசரஸில் இருந்தவர், வைக்கத்தை நன்கறிந்த மலையாளியாகிய கே.எம். பணிக்கர். தங்கள் வாசலிலேயே இந்தப் போரை நடத்தி வந்தவர்கள், கோயில் வீதி மறுக்கப்பட்டவர்களுக்குச் சோறு சமைக்க வந்ததில் வியப்பில்லை.

காந்தியடிகள் அந்தச் சமையற்கூடத்தை ஆதரிக்கவில்லை என்பதையும் நான் சொல்லவேண்டியதாயிற்று. உள்ளூர் மக்கள் தங்கள் சொந்த வலிமையாலும் தியாகத்தாலும் நடத்தவேண்டிய அறப்போரை வெளியார் தரும் உணவு பலவீனப்படுத்தும் என்று அவர் கருதினார், அகாலிகள் விடைபெற்றார்கள். சத்தியாக்கிரகத்தின் நெறியைக் கொண்டு பார்த்தால் அதில் நியாயம் உண்டு. சர்தார்ஜியோ சற்று நேரம் மௌனமாயிருந்துவிட்டு, லங்கரைப் பிச்சையாகவோ உதவியாகவோ கருதினால் அவ்வாதம் சரியே என்றும், ஆனால் அது அவ்விரண்டிலும் சேராதென்றும் சொன்னார். விசுவாசிகளின் கூட்டம் 'சங்கத்'. அவர்கள் ஒரே வரிசையில் தரையில் அமர்ந்துண்பது 'பங்கத்'. மூன்றாம் குருவாகிய அமர்தாஸ், கோயிந்த்வாலில் தம்மைக் காண வருவோர் யாராயினும் முதலில் பந்தியில் உட்கார்ந்து உண்ட பின்னரே சந்நிதிக்கு வரலாமென்று விதித்தார். அக்பர் சக்கரவர்த்தியும் அவ்வாறே பந்தியில் அமர்ந்தார் என்பது அவர்கள் மரபு. பக்கத்தில் இருப்பவன் எந்தக் குலத்தவன் என்ற கேள்வியைப் பசியோடிருக்கும் வேளையிலேயே கைவிடச் செய்வதுதான் லங்கர். அப்படியானால் வைக்கத்தில் அகாலிகள் இட்ட அடுப்பு போராட்டத்துக்கு வெளியிலிருந்து வந்த துணை ஆகாது, அதுவே போராட்டத்தின் ஓர் அங்கம் என்று அவர் வாதித்தார். எனக்கும் அவ்வாறே படுகிறது.

1924 நவம்பரில் டாக்டர் நாயுடு நாஞ்சில் நாட்டிலிருந்து திருவனந்தபுரத்துக்குச் சாதி இந்துக்களின் ஜாதா என்னும் ஊர்வலத்தை, வைக்கத்துக்கு ஆதரவாக, அழைத்துச் சென்றதையும், 1936 நவம்பர் 12-ஆம் நாள் வெளியான ஆலயப் பிரவேசப் பிரகடனத்தால் திருவிதாங்கூரில் வீதியோடு சந்நிதியும் திறந்ததையும் சொல்லி முடித்தபோது, நாங்கள் நான்கு வீதிகளையும் சுற்றி வந்திருந்தோம்.

அங்கிருந்து சாமித்தோப்புக்குப் போனோம். 1809-ல் அவ்வூரில் பிறந்த அய்யா வைகுண்டர், தாழ்த்தப்பட்டோர் தலையில் துணி சுற்றுவதும் அவர்கள் பெண்டிர் தோள்சீலை அணிவதும் குற்றமாயிருந்த காலத்தில், அதே மக்களைத் தலைப்பாகை கட்டிக்கொண்டு வழிபடச் சொன்னவர், அதற்காகவும் பிறவற்றுக்காகவும் திருவிதாங்கூர் அரசின் சிறையில் வாடியவர், 1851-ல் மறைந்தவர். அங்குள்ள அய்யாவின் கோயிலாகிய பதியின் வாசலில், முதன்முறையாக வந்திருந்த ஒரு சிறுவனுக்கு அவன் தகப்பனார் தலைப்பாகை கட்டிக்கொண்டிருந்தார். காவித் துண்டின் ஒரு நுனியைப் பல்லால் கடித்துப் பிடித்துக்கொண்டு, மறுநுனியை இழுத்து முறுக்கி நெற்றிக்கு மேலே செருகும் அந்தக் காரியத்தைச் சர்தார்ஜி இமைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தார். அச்சிறுவனும் இவருடைய பெரிய நீலத் தலைப்பாகையைக் கண்டு, தன்னுடையதைத் தொட்டுப் பார்த்துக்கொண்டான். பிற கோயில்களில் தலைத்துணியை அவிழ்ப்பது மரியாதை. இங்கே கட்டுவதே மரியாதை என்று நான் கூறியதும், தமக்கு விளக்கம் தேவையில்லை என்பதுபோல் அவர் சிரித்தார்.

1699-ஆம் ஆண்டு வைசாகி நாளில் ஆனந்தபூரிலே குரு கோபிந்த் சிங், தலையைக் காணிக்கையாகக் கேட்டு, எழுந்து வந்த ஐவரைக் கொண்டு 'கால்சா'வை நிறுவிய சரித்திரத்தை அவர் அந்த வாசலில் நின்றே சொன்னார். 'பஞ்ச் பியாரே' என்று போற்றப்படும் அந்த ஐவரில் பூரியைச் சேர்ந்த நீர்சுமப்பவரும், துவாரகையைச் சேர்ந்த துணி அச்சடிப்பவரும், தக்காணத்து பீதரைச் சேர்ந்த நாவிதரும் இருந்தனர். அவர்களுக்கு அமிர்தம் தந்த குரு, பின்பு அவர்கள் முன்னே மண்டியிட்டு அவர்கள் கையாலேயே தாமும் அமிர்தம் பெற்றார். கேசம், சீப்பாகிய கங்கா, இரும்பு வளையாகிய கடா, கச்சேரா என்னும் அரைக்கால் உடை, கிர்பான் என்னும் குறுவாள் ஆகிய ஐந்து சின்னங்களும், குலத்தைக் காட்டும் பெயரை விட்டு ஆண்கள் 'சிங்' என்றும் பெண்கள் 'கௌர்' என்றும் கொண்ட பெயர்களும் அன்று பிறந்த சமுதாயத்தின் அடையாளங்கள். அரசர்க்கும் உயர்குடியினர்க்குமே உரியதென்றிருந்த கௌரவத்தை யாவருடைய தலைக்கும் உரிமையாக்கிய செயல், பஞ்சாபிலும் நாஞ்சில் நாட்டிலும், ஒன்றையொன்று அறியாமலே நடந்திருக்கிறது.

பதிக்கு அருகிலுள்ள முத்திரிக் கிணற்றுக்குச் சென்று அதன் புனித நீராகிய பதம் எடுத்தோம். பதினெட்டுச் சாதியாரும் ஒரே கிணற்று நீரைக் குடிக்கவும் குளிக்கவும் வேண்டுமென்று அய்யா ஏற்படுத்தியது அது. வீதிகள் திறக்கும் முன்பே, ஏறத்தாழ ஒரு நூற்றாண்டுக்கு முன்னரே, இந்த நீர் யாவர்க்கும் திறந்திருந்தது. கோயிந்த்வாலில் குரு அமர்தாஸ் வெட்டுவித்த, 84 படிகள் கொண்ட 'பாவலி' என்னும் படிக்கிணறும் இதே நோக்கத்தோடு எழுந்ததென்று சர்தார்ஜி கூறி, தலையில் ஊற்றிக்கொண்ட நீர் தாடியில் வழிய, கைகூப்பி நின்றார்.

பதியின் கருவறையில் விக்கிரகத்துக்குப் பதிலாக வைத்திருக்கும் நிலைக்கண்ணாடி அவரை மிகவும் ஈர்த்தது. இறைவன் ஒருவனே என்பதைக் குறிக்கும் 'இக் ஓங்கார்', அவனுடைய ஜோதியே எல்லா உயிரிலும் உறைகிறது என்ற கோட்பாடு, அந்த ஜோதியை மறைக்கும் 'ஹௌமை' என்னும் அகங்காரம், அதைக் கரைத்து அவனுடைய ஆணையாகிய 'ஹுக்கம்' வழி நடப்பது ஆகியவற்றை அவர் அந்தக் கண்ணாடியின் முன்னே எனக்கு விளக்கினார். வேற்றுமைகளையும் நாங்கள் மறைக்கவில்லை. வைகுண்டர் காட்டிய நெறியாகிய அய்யாவழி அவரை நாராயணரின் அவதாரமாக வணங்குகிறது. சீக்கியமோ இறைவன் பிறப்பதில்லை என்றும், குருமார்கள் வழிகாட்டிகளே என்றும் சொல்லி, 1708-க்குப் பின் மனித குருவையும் ஏற்காமல், 1,430 பக்கங்கள் கொண்ட குரு கிரந்த சாகிபையே நிரந்தர குருவாக வைத்திருக்கிறது. நெசவாளராகிய கபீரும், தோல்தொழிலாளியாகிய ரவிதாசரும், இஸ்லாமியராகிய ஷேக் ஃபரீதும் அருளிய பாடல்கள் அதில் இடம்பெற்றிருப்பதை அவர் சொன்னபோது, அய்யாவழியின் புனித நூலாகிய அகிலத்திரட்டை முழுமையாகப் படிக்கும் 17 நாள் திருஏடு வாசிப்பு சாமித்தோப்பில் கார்த்திகை மாதம் நடப்பதை நான் சொன்னேன். கிரந்தத்தை இடைவிடாது ஓதி முடிக்கும் 'அகண்ட பாட'த்தை அவர் நினைவுகூர்ந்தார்.

மதியம் அன்னதர்மப் பந்தியில் உட்கார்ந்தோம். ஒருபுறம் ஒரு வழக்கறிஞரும் மறுபுறம் பனையேறித் தழும்பேறிய மார்புடைய ஒரு முதியவரும் இருக்க, வாழையிலையில் சோறு விழுந்தது. பாதி உண்டதும் சர்தார்ஜி, விளம்புகிற இளைஞர்கள் போதாமல் தவிப்பதைக் கண்டு, விரைவாக உண்டு முடித்துக் கைகழுவி வந்து, தண்ணீர்ப் பாத்திரத்தை வாங்கிக்கொண்டு வரிசையில் நடந்தார். விருந்தாளியை வேலை வாங்குவதா என்று பதறிய ஒருவரிடம், இதை நாங்கள் 'சேவா' என்போம், இது இல்லாமல் உண்டது செரிக்காது என்றார். அய்யாவழியினர் இதைப் 'பணிவிடை' என்பர். ஆகவே அதற்குமேல் யாரும் அவரைத் தடுக்கவில்லை.

மாலையில் திரும்பும்போது அவர் மனவருத்தத்தோடு வேறொன்றும் சொன்னார். பஞ்சாபில் இன்றும் பல கிராமங்களில் சாதிக்கொரு குருத்துவாராவும் சாதிக்கொரு மயானமும் உள்ளன. நம் பக்கத்திலும் வீதியும் சந்நிதியும் கிணறும் திறந்தனவே தவிர, பெண் கொடுப்பதிலும் எடுப்பதிலும், ஊர்த் திருவிழாவில் முதல் மரியாதை பெறுவதிலும் பழைய வேலிகள் நின்றுகொண்டுதான் இருக்கின்றன. ஒவ்வொரு நாளும் 'அர்தாஸ்' பிரார்த்தனையின் முடிவில் 'சர்பத் தா பலா', அதாவது சகலருடைய நன்மையையும் வேண்டுகிற ஒரு சமூகமும், தர்மத்தை நெற்றியில் நாமமாகத் தரித்த ஒரு சமூகமும் இக்குறையை எடுத்துச் சொல்லக் கூச வேண்டியதில்லை. துயரத்திலும் உள்ளம் தளராதிருக்கும் 'சடதி கலா' என்ற மனோநிலை, குறையைக் கண்டும் முயற்சியை விடாதவர்களுக்கே வாய்ப்பது.

சீக்கிய சமயத்தைக் கற்க விரும்பும் நம்மவர் நூல்களையும் படிக்கட்டும், அமிர்தசரஸுக்கும் போய்வரட்டும். அதற்கு முன்பாக, சுசீந்திரத்து வீதிகளைச் சுற்றி நடந்து, சாமித்தோப்பில் நீர் மொண்டு, பந்தியில் யார் பக்கத்தில் இடம் கிடைக்கிறதோ அங்கே உட்கார்ந்து, உண்டபின் எழுந்து பத்துப் பேருக்கு விளம்பட்டும். சங்கத், பங்கத், லங்கர், சேவா என்ற சொற்கள் யாவும் அந்த வேலைகளின் பெயர்களே. வேலையை அறிந்தவருக்குப் பெயரை அறிவது எளிது.